முல்லரா, ம்யூலரா, மில்லரா? ஆங்கில ஏடுகளில் ஜெர்மன் பெயர்கள்

காசநோய்க் கிருமியை 1882-இல் உலகுக்கு அறிவித்த ராபர்ட் கோஹ் பெயரை ஜெர்மானியர் சொல்லும்போது கடைசி ஒலி தொண்டையில் உரசி வரும். நியூயார்க் மேயராக இருந்த எட் காட்ச் அதே நான்கு எழுத்துகளைத்தான் தன் பெயராக எழுதினார். கான்சாஸ் மாநிலத்துப் பெருந்தொழில் குடும்பம் ஒன்று அதையே 'கோக்' என்கிறது. எழுத்து ஒன்று, பொருளும் ஒன்று (சமையற்காரர்), ஒலி மட்டும் மூன்று. மூன்றும் சரி.

ஆங்கிலத்தில் ஜெர்மன் பெயர்களைக் கையாளும் மொழிபெயர்ப்பாளர், பிழைதிருத்துநர், தரவு உள்ளிடுபவர், வம்சாவளி தேடுபவர் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பெயரைச் சுமப்பவர் எப்படி எழுதுகிறார், எப்படிச் சொல்கிறார் என்பதற்கு முதலிடம். அடுத்து அவருடைய சட்ட ஆவணம். அதற்கும் அடுத்துத்தான் துறை மரபு. ஜெர்மன் இலக்கணம் கடைசி வரிசையில் நிற்கிறது. ஜெர்மன் தெரியாதவர்களைவிட, அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் கெடுக்கிறார்கள். சரியாக இருப்பதைத் 'திருத்தி' விடுகிறார்கள்.

ஒலியைப் பற்றித் தெரிய வேண்டியது அதிகமில்லை. ஈ, ஐ என்ற ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வந்தால் பின்னால் நிற்கும் எழுத்தின் பெயரைச் சொன்னால் போதும். ஈ முன்னும் ஐ பின்னும் வந்தால் 'ஐ'. ஐ முன்னும் ஈ பின்னும் வந்தால் 'ஈ'. ஆகவே ஹைனே, ரைனர். ஆனால் ஷ்மீட், ஸீமென்ஸ். இந்த விதியை வைத்துப் பார்த்தால் நம் பாடநூல்களில் வரும் 'ஐன்ஸ்டீன்' ஒரு வேடிக்கை. ஒரே எழுத்துச் சேர்க்கை அந்தப் பெயரில் இரண்டு முறை வருகிறது. முதலில் ஐ, அடுத்தது ஈ என்று பிரித்துவிட்டோம். ஜெர்மனில் இரண்டும் ஐதான்: ஐன்ஷ்டைன். ஆனால் இதை அமெரிக்கப் பெயர்களுக்கு நீட்டக் கூடாது. இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 'டைன்' என்றே சொல்லச் சொன்னார். வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொணர்ந்த செய்தியாளர் கார்ல் பெர்ன்ஸ்டீன் 'டீன்'தான். எழுத்தைப் பார்த்து ஊகிக்க வழியே இல்லை. அவர்கள் பேசிய பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு எழுதுவதே பாதுகாப்பு.

டபிள்யூ ஜெர்மனில் 'வ', வி பெரும்பாலும் 'ஃப', இஸட் 'ட்ஸ', சொல்லின் தொடக்கத்தில் வரும் எஸ்-டி, எஸ்-பி இரண்டும் 'ஷ்ட', 'ஷ்ப'. டி-யும் ஹெச்-சும் சேர்ந்தால் வெறும் 'ட'. ஆங்கிலத்தின் 'த' அங்கே கிடையாது. அதனால்தான் இயற்பியலாளர் ஹான்ஸ் பேட்டயின் பெயர் 'பீட்டா' என்ற கிரேக்க எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. 1948-இல் ஆல்ஃபர், காமோவ் ஆகிய இருவரின் ஆய்வுக் கட்டுரையில் ஆல்ஃபா, பீட்டா, காமா வரிசை அமையட்டும் என்று விளையாட்டாக அவர் பெயரையும் நடுவில் சேர்த்தார் காமோவ். 'பெத்தே' என்று படித்தால் அந்த நகைச்சுவையே விளங்காது.

தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துகளை ஒலிக்க நமக்கு நல்ல வழி ஒன்று உண்டு. 'ஈ' சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்தால் புள்ளி வைத்த யு. 'ஏ' சொல்லிக்கொண்டே 'ஓ'வுக்குக் குவித்தால் புள்ளி வைத்த ஓ. உதட்டைக் குவிக்க மறந்தால் மிஞ்சுவது வெறும் ஏ. அமெரிக்காவில் நடந்ததும் அதுதான். நாடாளுமன்ற அவைத் தலைவராக இருந்த ஜான் பெய்னர், கேலிச்சித்திரக்காரர் மேட் க்ரெய்னிங் இருவரின் பெயரிலும் ஓ-வும் ஈ-யும் எழுத்தில் இருக்கின்றன. ஒலியில் ஓ இல்லை. சிகாகோவில் கவிஞர் கதேயின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. உள்ளூர்க்காரர் அதை 'கோதீ' என்பார்கள். அங்கே வழி கேட்கும்போது ஜெர்மன் உச்சரிப்பால் ஒரு பயனும் இல்லை.

இனி எழுத்து. தட்டச்சில் புள்ளிகளைப் போட முடியாத இடத்தில் ஏ, ஓ, யு-வுக்குப் பின்னால் ஓர் ஈ சேர்ப்பது ஏற்கப்பட்ட வழி. இதைத் தற்காலிகச் சமாளிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பழைய வடிவமே அதுதான். எழுத்தின் தலைமேல் சின்னதாக எழுதப்பட்ட ஈ-தான் பழைய கையெழுத்து முறையில் இரண்டு கோடாகி, பிறகு இரண்டு புள்ளியாயிற்று. எனவே ஈ சேர்ப்பது கௌரவமான மாற்று. புள்ளியை உதறிவிட்டு வெறும் எழுத்தை வைப்பதுதான் தவறு, ஏனென்றால் புள்ளியில்லாத 'முல்லர்' என்பது ஜெர்மனியிலேயே வேறொரு குடும்பப் பெயர்.

ஜெர்மன் கடவுச்சீட்டில் இந்த இரண்டு வடிவமும் ஒரே பக்கத்தில் இருக்கும். மேலே பெயர்க் கட்டத்தில் புள்ளியோடு. கீழே இயந்திரம் படிக்கும் வரியில் ஈ சேர்த்து, எல்லாம் பெரிய எழுத்தில். விமான டிக்கெட்டுக்கும் இணைய நுழைவு அனுமதிக்கும், படிவம் வேறு மாதிரி கேட்காத வரை, அந்த அடிவரியில் உள்ளபடி நிரப்புவதே பாதுகாப்பு. பயண முகவர் புள்ளியை விட்டுவிட்டு டிக்கெட் போட்டால் பெயர் ஓர் எழுத்து குறைந்து நிற்கும். பதிவு முகப்பில் ஊழியர் அடிவரியை டிக்கெட்டோடு ஒப்பிடும்போதுதான் சிக்கல் தெரியவரும். வங்கிக் கணக்கு, பட்டச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றில் இரண்டு வடிவமும் கலந்து கிடந்தால் ஒரு வரி விளக்கத்தை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்த்துவிடலாம்: இரண்டும் ஒரே பெயர், ஒன்று இயந்திர வடிவம். இந்த ஒரு வரி பின்னால் பல கடிதங்களை மிச்சப்படுத்தும்.

எஸ்ட்செட் என்ற எழுத்து இன்னொரு தொல்லை. பார்வைக்கு ஆங்கில பி போல இருக்கும், ஒலி 'ஸ்'. வருடிப் படிக்கும் மென்பொருள் அடிக்கடி இதைப் பெரிய பி-யாக்கிவிடும்; வைஸ் என்ற பெயர் 'வைப்' ஆகும். ஆங்கிலத்தில் இரண்டு எஸ் போட்டால் போதும். பெரிய எழுத்தில் எழுதும்போதும் நெடுங்காலமாக இரண்டு எஸ்தான். 2017 ஜூனில்தான் ஜெர்மன் எழுத்துமுறைக் குழு இதற்கென்று ஒரு பெரிய எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது. சுவிட்சர்லாந்தில் இந்த எழுத்தே புழக்கத்தில் இல்லை. ஆகவே சுவிஸ்காரர் ஒருவரின் பெயரில் இரண்டு எஸ் இருந்தால் அதை எஸ்ட்செட் ஆக்கிவிடக் கூடாது.

திரும்ப மாற்றுவதில்தான் பெரிய விபத்துகள். பழைய தரவுத்தளத்தில் ஈ சேர்த்து வைத்த பெயர்களையெல்லாம் புள்ளிக்கு மாற்றுகிறேன் என்று ஒரே கட்டளையில் தேடி-மாற்று ஓட்டினால் என்ன ஆகும்? பவுவர், நோயர், ஃபாயர்பாஹ், மானுவேல், சாமுவேல் எல்லாவற்றிலும் யு-வும் ஈ-யும் தற்செயலாகப் பக்கத்தில் நிற்கின்றன. மிகாயேல் என்ற பெயரில் ஏ-யும் ஈ-யும். அத்தனையும் சிதைந்துவிடும். கதே பெயரில் ஓ-வும் ஈ-யும் தனித்தனியே எழுதப்படுவதே நிலைத்த வடிவம். புள்ளி போட்டால் பிழை. வடமேற்கு ஜெர்மனியில் ஈ என்பது முன்னெழுத்தை நீட்டும் குறி மட்டுமே. ஸோஸ்ட், கோஸ்ஃபெல்ட், ராஸ்ஃபெல்ட் என்ற ஊர்ப்பெயர்களில் நெடில்தான் கேட்கும், குவிந்த உதடு கிடையாது. ஃபோக்ட் என்ற குடும்பப் பெயரில் ஐ எழுத்தும் அப்படித்தான், எழுத்தில் இருக்கும், ஒலியில் இருக்காது. எனவே திருப்பி மாற்றும் வேலையை மூல ஆவணத்தைப் பார்த்துப் பெயர் பெயராகத்தான் செய்ய வேண்டும். நேரம் இல்லையென்றால் ஈ சேர்த்த வடிவத்தை அப்படியே விட்டுவிடலாம், யாருக்கும் நட்டமில்லை.

கணினியில் பெயர் உடைந்து வந்தால் காரணத்தைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம். நெளிகோடு போட்ட ஏ, அதையடுத்துக் கால் பின்னம் என்று தெரிந்தால் அது புள்ளி வைத்த யு; இன்றைய பொதுக் குறியாக்கமான யுடிஎஃப்-8-இல் சேமித்த கோப்பைப் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் திறந்திருக்கிறார்கள். நெளி ஏ-வுக்குப் பின் பத்திக்குறி வந்தால் அது ஓ. எக்செல்லில் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகப் போய்க் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும். இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. புள்ளி வைத்த யு ஒரே குறியீடாகவும் இருக்கலாம். யு-வும் தனிப் புள்ளிக் குறியும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் ஒன்று மற்றதைக் காட்டாது. தமிழில் 'கொ'வை ஒரே கொம்புக்குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகவும் சேமிக்க முடிவதைப் போலத்தான். எல்லாப் பெயரையும், எழுத்தையும் குறியையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். கையால் அடிக்க, விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0228 புள்ளி ஏ, 0246 புள்ளி ஓ, 0252 புள்ளி யு, 0223 எஸ்ட்செட். மேக் கணினியில் ஆப்ஷன்-யு அடித்துவிட்டு எழுத்தை அடித்தால் புள்ளி ஏறும். ஆப்ஷன்-எஸ் எஸ்ட்செட்டைத் தரும்.

அகர வரிசைக்கு ஜெர்மனியிலேயே இரண்டு முறை இருக்கிறது. தரநிலை டின் 5007 அகராதிக்குப் புள்ளியைப் பொருட்படுத்த வேண்டாம் என்கிறது. பெயர்ப் பட்டியலுக்கு ஈ இருப்பதாகவே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆங்கில நூல்களின் சுட்டியில் பெரும்பாலும் புள்ளி கணக்கில் வராது. சுட்டி தயாரிப்பவர் ஒன்றைத் தேர்ந்து, அதைச் சுட்டியின் தலையில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். இரண்டையும் கலந்தால் வாசகர் பெயரைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

புள்ளியைத் தாமே கைவிட்டவர்களை மதிக்க வேண்டும். இசைமேதை ஹெண்டல் 1727-இல் பிரிட்டிஷ் குடிமகனானார். ஆங்கிலத்தில் ஜார்ஜ் ஃப்ரிடெரிக் ஹாண்டெல் என்று புள்ளியில்லாமல் எழுதினார். ஆங்கிலக் கட்டுரையில் புள்ளி போடுவது புலமையல்ல. லண்டன் நிதி நிறுவனமான ஷ்ரோடர்ஸும் அப்படித்தான். ஆனால் முன்னாள் பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடருக்குப் புள்ளி வேண்டும், இல்லையேல் ஈ வேண்டும்.

'ஃபொன்' பற்றி நிறையக் குழப்பம். பிறப்பிடத்தைக் காட்டும் முன்னொட்டாகத் தொடங்கி உயர்குடி அடையாளமானது. 1919-இல் ஜெர்மனியின் வைமார் அரசியலமைப்பின் 109-ஆம் பிரிவு உயர்குடிச் சலுகைகளை ஒழித்தது. பட்டங்கள் பெயரின் பகுதியாக மட்டும் தொடரலாம் என்றது. ஆஸ்திரியா அதே ஆண்டில் இன்னும் கறாராக முன்னொட்டையே தடை செய்தது. அதனால் ஜெர்மானியருக்கு ஃபொன் சட்டப்படி குடும்பப் பெயரின் துண்டு. ஆஸ்திரியக் குடிமகனுக்கு அது இருக்கக் கூடாது. பொருளாதார அறிஞர் ஹாயெக் பிறந்தபோது ஃபொன் ஹாயெக், பிறகு ஆஸ்திரியச் சட்டப்படி ஹாயெக். பேத்தோவன் பெயரில் இருப்பதோ ஃபான், ஃபிளெமிஷ் மரபுச் சொல், உயர்குடிக் குறியே அல்ல. தம்பி மகனின் வளர்ப்புரிமை வழக்கில் இந்த வேறுபாடு வெளிவந்ததும், 1818 டிசம்பரில் வியன்னாவின் உயர்குடியினர் நீதிமன்றம் வழக்கைச் சாமானியர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டது.

ஆங்கிலத்தில் எழுதும்போது: முழுப் பெயரோடு ஃபொன் வரும், சிறிய எழுத்தில். குடும்பப் பெயர் மட்டும் சொல்லும்போது பழைய வரலாற்று மனிதர்களுக்கு அது உதிர்ந்துவிடும். பிஸ்மார்க், ஹும்போல்ட், கிளாஸவிட்ஸ் என்றுதான் எழுதுவார்கள். அமெரிக்காவில் வாழ்ந்தவர்களுக்கு அது ஒட்டிக்கொண்டே வரும்: ஃபொன் நோய்மன், ஃபொன் பிரவுன். நூலகப் பட்டியலிலும் இந்தக் கோடுதான். ஜெர்மன் எழுத்தாளரானால் முன்னொட்டுக்குப் பின்னுள்ள பெயரில் தேட வேண்டும், ஆங்கிலமொழி நாட்டுக்காரரானால் வி எழுத்தில். ஆனால் ஃபொம், ட்ஸும், ட்ஸூர் போல முன்னொட்டும் சுட்டுச்சொல்லும் ஒட்டிய வடிவங்கள் ஜெர்மன் பெயரானாலும் முன்னொட்டிலிருந்தே அடுக்கப்படும். வாக்கியத் தொடக்கத்தில் மட்டும் பெரிய எழுத்து.

'கிராஃப்' என்றால் கோமகன். டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃபுக்கு அது வெறும் குடும்பப் பெயர். முன்னாள் பொருளாதார அமைச்சர் ஒட்டோ கிராஃப் லம்ப்ஸ்டோர்ஃபுக்கோ 'கிராஃப் லம்ப்ஸ்டோர்ஃப்' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்ததுதான் குடும்பப் பெயர். மூன்று கட்டமுள்ள ஆங்கிலப் படிவத்தில் கிராஃப் நடுப்பெயராகிவிடும், கவனம். இன்னொரு நுட்பம், இந்தப் பட்டச் சொல் பால் மாறும். கணவர் கிராஃப், மனைவி கிரேஃபின்; கணவர் ஃப்ரைஹெர், மனைவி ஃப்ரைஃபிராவ். ஆவணங்களில் வேறு வேறு குடும்பப் பெயராகத் தெரிவதால் தம்பதியல்ல என்ற ஐயம் எழலாம். முனைவர் பட்டமும் ஜெர்மன் அடையாள அட்டையில் பெயரோடு ஏறக்கூடும். அது பெயரல்ல, முதற்பெயர்க் கட்டத்தில் போடக் கூடாது. 2025 மே 1 முதல் தம்பதியர் இருவரும் இணைப்புக்கோடு இல்லாமலே இரட்டைக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியிருப்பதால், இரண்டில் முதலாவதை நடுப்பெயராக எண்ணும் தவறு இனி கூடத்தான் செய்யும்.

முதற்பெயரிலும் ஒரு பொறி. பழைய திருமுழுக்குப் பதிவுகளில் ஒரே வீட்டுப் பையன்கள் மூவரும் யோஹான். அழைக்கும் பெயர் இரண்டாவதாக இருக்கும். யோஹான் செபாஸ்டியன் பாஹ் வீட்டில் செபாஸ்டியன்தான். ஆங்கில மரபுப்படி முதலாவதை வைத்துக்கொண்டு தேடினால் அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

பொருளுக்கு வருவோம். ஜெர்மனியில் மிகப் பரவலான பத்துக் குடும்பப் பெயர்களும் தொழில் அல்லது பொறுப்பைக் காட்டுபவை. முல்லர் மாவு ஆலைக்காரர், ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையற்காரர், ஃபிஷர் மீனவர், வேபர் நெசவாளர், வாக்னர் வண்டி செய்பவர், பெக்கர் ரொட்டி சுடுபவர், ஷுல்ட்ஸ் ஊர்த்தலைவர், மையரும் ஹோஃப்மனும் பண்ணையோடு தொடர்புடையவர்கள். ஒரே தொழிலுக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர் இருப்பது வம்சாவளி தேடுவோருக்கு உதவும். வண்டி செய்பவர் தெற்கில் வாக்னர், வேறு பகுதிகளில் ஷ்டெல்மாஹர், ராடெமாஹர். மையருக்கு மட்டும் நான்கைந்து எழுத்துக்கூட்டு. அவை தனித்தனிக் குடும்பங்கள், ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்தக் கூடாது. 'எர்' என்று முடிந்தால் பல நேரம் ஊர்க்காரர்: கிஸிங்கர் என்றால் கிஸிங்கனிலிருந்து வந்தவர். ஷ்வார்ட்ஸனெகரை 'ஷ்வார்ட்ஸன்-எகர்' என்று பிரிக்க வேண்டும், கரிய மேட்டுக்காரர் என்று பொருள். ரோத்ஸ்சைல்டு என்று ஆங்கிலத்தில் கேட்பதால் 'குழந்தை' இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ரோட்-ஷில்ட், ஃபிராங்க்ஃபர்ட் வீட்டு அடையாளமான சிவப்புக் கேடயம். 'லே' என்று முடிந்தால் தென்மேற்குப் பக்கத்துச் செல்லக் குறுக்கம். 1814-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைன்ரிஹ் நெஸ்ட்லே ஆகப் பிறந்தவர் சுவிட்சர்லாந்தில் ஆன்ரி ஆனார், கடைசி எழுத்தில் பிரெஞ்சுக் குறியும் ஏறியது. பெயரின் பொருள் சின்னக் கூடு. பால்மாவு டப்பாவில் இருக்கும் பறவைக்கூடு அதிலிருந்து வந்தது.

கடல் தாண்டியபோது பெயர்கள் மூன்று விதமாக மாறின. ஒலிக்கு ஏற்ப எழுத்து மாறுவது ஒன்று: ஐஸன்ஹவர், பெர்ஷிங், ஹூவர். பெர்ஷிங் குடும்பத்தின் பழைய பெயர் ப்ஃபோர்ஷின். அந்த வழியில் வந்தவரே முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கப் படையை நடத்தினார். பொருளை மொழிபெயர்ப்பது இரண்டு: ட்ஸிம்மர்மன் கார்ப்பென்டர் ஆனார், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனார். 1917 ஜூலையில் பிரிட்டிஷ் அரச குடும்பம் சாக்ஸ்-கோபர்க் பெயரை உதறி விண்ட்ஸர் ஆனபோது உறவினரான பாட்டன்பெர்க் குடும்பம் மவுன்ட்பேட்டன் ஆனது; பெர்க் என்றால் மலை, அதுதான் மவுன்ட். பாதி மட்டும் மாறுவது மூன்றாவது. பியானோ செய்த ஷ்டைன்வேக் 1850-இல் நியூயார்க் வந்தார், 1853-இல் ஸ்டைன்வே நிறுவனம் தொடங்கியது. முன்பாதி அப்படியே, பின்பாதியான பாதை ஆங்கிலமானது. ஜெர்மனியில் தங்கிய மூத்த மகனின் தொழிலை வாங்கியவர்கள் குரோட்ரியன்-ஷ்டைன்வேக் என்ற பெயரில் பியானோ செய்தார்கள். அதை அமெரிக்காவில் விற்க முனைந்தபோது வழக்கு வந்தது. வாங்குபவர் தொடக்கத்தில் பெயரால் ஈர்க்கப்பட்டுக் குழம்பினாலே போதும், அது அத்துமீறல் என்று 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகச்சின்னம் பதிவு செய்பவர், தன் பெயரின் ஆங்கில வடிவம் மட்டுமல்ல, மூல வடிவமும் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் குடிவரவு அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற குடும்பக் கதைகளை நம்ப வேண்டாம். அங்கே இருந்தவர்கள் ஹாம்பர்க், பிரேமன் போன்ற துறைமுகங்களில் தயாரான கப்பல் பட்டியலோடு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். மாற்றம் பெரும்பாலும் பின்னால், வேலையிடத்திலும் பள்ளியிலும் குடியுரிமை மனுவிலும் நடந்தது. தேடலும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சுட்டிகள் சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறி முறையில் அமைந்தவை. முதல் எழுத்து, அதன்பின் மெய்யொலிகளுக்கு மூன்று எண். ஷ்மிட்டும் ஸ்மித்தும் இரண்டும் எஸ்530. முல்லரும் மில்லரும் எம்460. இதுவரை நல்லது. ஆனால் முதல் எழுத்து மாறினால் கதை முடிந்தது. கோஹ் கே200, குக் சி200. ப்ஃபைஃபர் பி-யில், ஃபைஃபர் எஃப்-பில். மொழிபெயர்த்த பெயரைச் சவுண்டெக்ஸ் கண்டுபிடிக்கவே முடியாது. எனவே குறைந்தது நான்கு தேடல் போட வேண்டும்: மூல எழுத்து, ஈ சேர்த்தது, ஒலிப்படி ஆங்கிலமானது, பொருள்படி ஆங்கிலமானது. ஜெர்மன் திருச்சபைப் பதிவில் பெண்ணின் பெயர் முல்லரின் என்று இருந்தால் 'இன்' பெண்பால் விகுதி, அதை நீக்கிவிட்டே குடும்பப் பெயரை எழுத வேண்டும். இலத்தீன் வடிவங்களும் வரும். மோலிட்டோர் முல்லரே, ஃபாபர் ஷ்மிட், டெக்ஸ்டோர் வேபர். கதேயின் தாய்வழி டெக்ஸ்டோர் குடும்பம் முன்பு வேபராக இருந்ததுதான்.

இப்படிக் கிரேக்கமாக்கப்பட்ட ஒரு பெயர், அழிந்துபோன ஒரு மனித இனமான நியாண்டர்தாலுக்கே ஒட்டிக்கொண்டது. நோய்மன், அதாவது புதிதாக வந்தவர், என்ற பெயரைக் குடும்பத்தார் நியாண்டர் என்று மாற்றினார்கள். பாடல் இயற்றிய போதகர் யோவாகிம் நியாண்டர் உலாவிய பள்ளத்தாக்குக்குப் பின்னாளில் அவர் பெயர் வைக்கப்பட்டது. 1856-இல் அங்கே எலும்புகள் கிடைத்தன. 1864-இல் வில்லியம் கிங் அறிவியல் பெயர் வைத்தார். பள்ளத்தாக்கைக் குறிக்கும் தால் என்ற சொல்லில் அன்று ஹெச் இருந்தது. 1901 எழுத்துச் சீர்திருத்தம் அதை நீக்கியது. ஆங்கிலத்தில் ஹெச் உள்ளதும் இல்லாததும் இரண்டும் நடமாடுகின்றன, ஏதேனும் ஒன்றைக் கட்டுரை முழுக்கப் பின்பற்றினால் சரி. இலத்தீன் அறிவியல் பெயரில் மட்டும் ஹெச்சை எடுக்க உரிமை யாருக்கும் இல்லை, வைத்தவர் வைத்தபடிதான். ஒலி எப்படி எழுதினாலும் 'டால்'தான் மூலத்துக்கு நெருக்கம்.

தமிழுக்கு வரும்போது மரபாகிவிட்டதை விட்டுவிட வேண்டும் என்பதே என் கட்சி. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தவரை ட்ஸீகன்பால்க் என்று இனி எழுதினால் யாரும் அடையாளம் காண மாட்டார்கள், சீகன்பால்கு போதும். மாக்ஸ் முல்லரும் அப்படியே. இந்தியாவில் கதே நிறுவனக் கிளைகள் மாக்ஸ் முல்லர் பெயரைத் தாங்கியிருக்கின்றன. பலகையில் ஆங்கிலத்தில் யு-வும் ஈ-யும் போட்டு எழுதியிருப்பதைக் கவனிக்கலாம், அதுதான் முறையான மாற்று. அவர் பதிப்பித்த ரிக்வேதத்தின் சமஸ்கிருத முகப்பில் அவர் பெயர் மோட்சமூலர், ஆக்ஸ்ஃபர்ட் கோதீர்த்தம். அந்த அளவுக்குப் போகத் துணிவு வேண்டும்.

பெயர் பொதுச்சொல்லாகும்போது வேறு விதிகள். அலகாகிவிட்டால் ஆங்கிலத்தில் சிறிய எழுத்து, குறியீடு மட்டும் பெரியது: ஹெர்ட்ஸ், ஓம், வேபர். ஃபாரன்ஹீட் விதிவிலக்கு, பாகை என்ற சொல்லுக்குப் பின் பெரிய எழுத்தோடே நிற்கும். மின்கடத்து அலகு ஸீமென்ஸ் ஒருமையிலும் எஸ்ஸோடுதான். 'ஒரு ஸீமென்' என்று ஒன்றில்லை. அதன் குறியீடு பெரிய எஸ், சிறிய எஸ் என்பது நொடி. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் மைக்ரோஸீமென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோநொடி என்று அச்சாவது இந்த ஓர் எழுத்தால். டீசல் முழுக்கப் பொதுச்சொல், சிறிய எழுத்து. எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த ரான்ட்கன் பெயரை அலகாகவும் 111-ஆம் தனிமமாகவும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஓ-வும் ஈ-யும் கட்டாயம். உடைமைக்கு ஜெர்மனில் எஸ் ஒலியில் முடியும் பெயருக்கு மேற்கொட்டு (அபாஸ்ட்ரஃபி) மட்டும். ஆங்கிலத்தில் கணித மேதைகளான காஸ், லைப்னிட்ஸ் இருவரின் பெயருக்கும் மேற்கொட்டும் எஸ்ஸும் சேரும். லைப்னிட்ஸ் பெயரில் இஸட்டுக்கு முன் டி எழுத்து வராது, ஆங்கிலப் புத்தகங்கள் எத்தனை போட்டாலும்.

நோய்ப் பெயர்களில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடை மேற்கொட்டையே விடச் சொல்கிறது. பொது இதழ்கள் அல்சைமர்ஸ் என்றே எழுதுகின்றன. எந்த இதழுக்கு என்று பார்த்து எழுத வேண்டும். சில பெயர்கள் அறமுறையில் விலக்கப்பட்டுவிட்டன. நாஜிக் காலத்துச் செயல்களும் தொடர்புகளும் வெளிவந்தபின் ரைட்டர் நோய்க்குறி 'எதிர்வினை மூட்டழற்சி' ஆனது. வேகனர் பெயரிலிருந்த இரத்தக்குழாய் நோய்க்கு 2011-இல் மருத்துவச் சங்கங்கள் வேறு பெயர் வைத்தன. இன்று எழுதும்போது புதிய பெயரை முதலில் போட்டு, பழையதை ஒரே ஒரு முறை அடைப்புக்குள் காட்டினால் போதும். ஆனால் பழைய மருத்துவப் பதிவுகளையும் ஆய்வுகளையும் தேடும்போது இரண்டு பெயரையும் போட வேண்டும். 2011-க்கு முந்தையவை பழைய பெயரில்தான் கிடக்கின்றன.